ஏழரைச் சனி

சனிக்கிழமை, மணி ஏழரை.
பெயர் வைத்தது முனிரத்தினம்.
போர்வெல் கம்பெனி முதலாளி
இந்தப் பேருக்கு விளம்பரம் தரமாட்டேன் என்றார்.
ஊற்று வற்றிவிடுமாம்.
பிறகு வீட்டில் சொல்லிப் பார்த்தாராம்,
எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். தந்தார்.

ஒரு எழுத்தாளர், கொஞ்சம் நையாண்டி, இரண்டு பாட்டு.
தருமபுரி நான்கு ரோட்டுக்குப் பின்னால் மாடியறை.
நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
ஃபேடர்களில் விரல் வைத்தபடி.
பத்து நொடிக்கு மேல் காற்று ஊமையானால்
திங்கட்கிழமை எனக்கு மெமோ.

அன்றைக்கு எழுத்தாளர் நாற்காலி காலி.
தொப்பூர்க் கணவாயில் புளி லோடு சாய்ந்து
இரண்டு பக்கமும் வண்டி நிற்கிறது.
பஸ்ஸை விட்டிறங்கிய தில்லைக்கரசி போனில் சொன்னார்:
"இங்க ஒரே புளி வாசனை. பல்லு கூசுது."
முனிரத்தினம் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.
அப்படியே ஏத்து.

ஏற்றினேன்.
முதலில் வந்தது அவர் குரலில்லை, ஏர்ஹாரன்.
கோவிலூர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஜெயசீலன்
ஒற்றை விரலால் துழாவி
ஹாரன் நிற்கும் கட்டையைப் பிடித்துவிட்டான்.
மாதேஷ் பம்பையை மடிக்கு இழுத்தான்.
அடுத்த ஹாரன் அரைக்கட்டை கீழே.
"அது நாமக்கல் வண்டி,
முட்டை வெல மாதிரி, சட்டுனு எறங்கிரும்"
என்றான் முனிரத்தினம்.

அப்புறம் தில்லைக்கரசியின் குரலுக்குப் பின்னாலேயே
இன்னொரு தில்லைக்கரசி வந்தார்,
அரை நொடி தள்ளி,
கிணற்றில் விழுந்த வாளி மாதிரி.
"மேடம், பக்கத்துல யாரோ நம்ம ரேடியோ கேக்கறாங்க.
அணைக்கச் சொல்லுங்க."

சரளையில் செருப்பு.
தகரக் கதவில் இரண்டு தட்டு.
"அண்ணே, அந்த ரேடியோவ..."
"அட, நீங்கதானா இது?"
டப்.
மாவட்டமே கேட்க ஒரு நேயரை இழந்தோம்.

பெயர் செங்கோடன். புத்தகம் படித்ததில்லை.
போன வாரம் நாங்கள் வாசித்த இரண்டு பக்கம்
ஓசூர் டோல்கேட்டில் நிற்கும்போது கேட்டாராம்.
"அதுல வர்ற டிரைவரை எறக்கத்துல கொன்னுட்டீங்க.
ஏம்மா?
கியர்லதானே போய்க்கிட்டிருந்தான்?
கியர்ல எறங்கறவன் அப்படிச் சாகமாட்டான்."

ஒன்று. இரண்டு.
ஜெயசீலன் கட்டைகளுக்கு மேலே விரல்களை நிறுத்திக்கொண்டு
என் முகத்தைப் பார்க்கிறான்.
ஐந்து.
தூக்கத்திலும் பேசுகிற முனிரத்தினம்
காகிதக் கப்பின் விளிம்பைக் கடிக்கிறான்.
ஏழு. கணவாயிலும் அந்நேரம் பார்த்து
ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.
பாட்டு ஃபேடரில் என் விரல்.
தள்ளினால் போதும்.
பத்து.
தள்ளவில்லை.
பதினொன்று.

"எனக்கு கியர் தெரியாதுங்க"
என்றார் தில்லைக்கரசி.
"கதைய எப்படி முடிக்கறதுன்னும் தெரியல.
அதான் அவன உருட்டிவிட்டுட்டேன்."

செங்கோடன் சிரிக்கவில்லை.
"மேல ஏறுங்க. காட்டறேன்."
கைப்பிடிக் கம்பியில் வளையல் உரசியது.
யாரோ தண்ணீர் பாட்டிலை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.
இது ஒண்ணு. இது ரெண்டு.
எறக்கம்னா இதுக்கு மேல போடவே கூடாது.
போன் வழியாக, எஞ்சின் நின்ற வண்டியில்,
கியர் விழும் சத்தம்.
மாதேஷ் ஒவ்வொன்றுக்கும் பம்பையில்
ஒரு விரல், ஒரே ஒரு விரல்.
நான்காவது அவருக்கு விழவில்லை.
"கிளட்ச்! கிளட்ச்சை முழுசா மிதிம்மா!"
அதற்கு எங்கள் அறையில் நான்கு பேரும்
காலை அழுத்தினோம்.

இரண்டு பாட்டும் அன்று பாடப்படவில்லை.
எட்டரைக்குத் தக்காளி விலை வந்து நிற்க,
நான் போனை வெட்டவேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை மெமோ.
பதினொரு நொடி மௌனம், காரணம் தருக.
கொடுத்திருந்த கட்டம் தீப்பெட்டி அளவு.
'தொப்பூர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
இந்த மாவட்டத்தில் அதற்கு மேல்
யாரும் காரணம் கேட்பதில்லை.