பின்கதவில் ஒரு கரடி

முத்தியால்பேட்டையில் வாடகைக்கு எடுத்த வண்டி.
படுக்க இரண்டு பலகை, ஒற்றை அடுப்பு,
அலமாரி மாதிரி திறக்கும் கழிப்பறை.
வெளியே இரண்டு பக்கமும் பனிமலை ஸ்டிக்கர்,
ஊசியிலைக் காடு,
பின்கதவு முழுக்க ஒரு கரடி.
"இமயமலை போயிருக்குங்களா?" என்றேன்.
"திண்டிவனம் தாண்டினதில்ல சார்,"
டீசல் முள்ளைப் போட்டோ எடுத்தபடி சொன்னார் ஓனர்.

நாங்களும் வடக்கே போவதாகத்தான் இருந்தது.
எந்த ஊரில் எந்த மாதம் எந்த மிருகம் இறங்கும் என்று
காலண்டர் தாளின் முதுகில்
எழில்மேரி குறித்து வைத்திருந்தாள்.
சிப்காட்டில் எனக்குக் கிடைத்தது மூன்று நாள் லீவு.
ஆகவே தெற்கு.
கடலூர், ஆலப்பாக்கம், பி.முட்லூர்,
கிள்ளைக்கும் அப்பால்
தார் தீர்ந்து, சவுக்கு தீர்ந்து,
உப்பங்கழி வந்து முன்சக்கரத்தைத் தொடும் இடம்.

நீர்நாய் பார்க்க வந்தோம்.

முதல் நாள் ஜெனித்தா தன் நோட்டில் எழுதியது:
மாடு நான்கு.
கொக்கு, எண்ண முடியவில்லை.
நாய், நீர் இல்லாதது, இரண்டு.

ராத்திரி ஒருவர் புரண்டால்
வண்டியே புரண்டு படுத்தது.
சுரபுன்னை வேர்களுக்கு இடையில்
சேறு சொடக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.
தூரத்தில் நரி ஊளையிட,
"கரடியா?" என்றாள் ஜெனித்தா தூக்கத்தில்.
ஷிப்ட் மாறி ஷிப்ட் மாறி
நானும் எழில்மேரியும் ஒரே இருட்டில் படுத்து
எத்தனை மாசம் என்று கணக்குப் போட்டேன்.
அவளும் போட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

இரண்டாம் நாள் இறால் பண்ணைக் காவலர் வந்தார்,
கொளஞ்சிநாதன்,
கையில் டார்ச், இடுப்பில் கட்டிய எண்ணெய் டின்.
"நீர்நாய் பார்க்கவா? காசு குடுத்தா?"
சிரித்துச் சிரித்து இருமினார்.
"அது கண்ணுல படாம இருக்கத்தாங்க
எனக்குச் சம்பளம்."
அன்று முழுக்க நாங்கள் பார்த்தது
குட்டையில் சுற்றும் காற்றாடிச் சக்கரம்,
அது கிளப்பிய நுரை.

மூன்றாம் நாள் விடிவதற்குள்
கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
மண்வெட்டியோடு மேட்டுப் பக்கம் நடந்தேன்.
குழி பாதி வெட்டியிருப்பேன்,
யாரோ விசிலடித்தார்கள்.

ஐந்து.
கரையில் ஒன்று, இறாலை இரண்டு கையாலும் பிடித்து
மக்காச்சோளம் கடிப்பதுபோல் கடித்தது.
மற்றவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
நனைந்த கோணிச் சாக்குகள் சண்டையிடுவதாக இருந்தது.
மீசையில் முதல் வெளிச்சம்.
அது என்னைப் பார்த்தது,
பெட்டியைப் பார்த்தது,
மறுபடி இறாலுக்குப் போனது.

எழிலைக் கூப்பிட வேண்டும்.
கூப்பிட்டால் இது போய்விடும்.
கூப்பிடாவிட்டால் நான் மட்டும் பார்த்தவன் ஆவேன்,
அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
நாற்றம் பிடித்த கையோடு நின்றேன்.

தகர டின் ஒலித்தது குட்டைப் பக்கம்.
ஐந்தும் தண்ணீராகிவிட்டன.

திரும்பி வந்தபோது
ஜன்னலில் கன்னம் வைத்து உட்கார்ந்திருந்தாள்,
கண்ணாடியில் மூச்சின் வட்டம்.
எப்போதிருந்து என்று தெரியவில்லை.
"கூப்பிட்டா போயிடும்னு சும்மா இருந்தேன்" என்றாள்.
நீர்நாயைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா,
அதையும் கேட்கவில்லை.
டீ போட்டேன்.
ஜெனித்தா எழுந்து, அழுது,
பிறகு கோபம் குறையாமலே எழுதினாள்:
நீர்நாய் ஐந்து. அப்பா அம்மா சொன்னது.

முத்தியால்பேட்டையில் ஓனர் வண்டியைச் சுற்றி வந்தார்.
கரடியின் காதில் கருவேல முள்ளின் கீறல்.
அட்வான்ஸில் ஐந்நூறு பிடித்துக்கொண்டார்.

அன்றே ராத்திரி ஷிப்ட்.
டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தெருமுனை போய்விட்டேன்,
பஸ்ஸின் விளக்கு வளைவில் தெரிந்தது.
பின்னால், எங்கள் வாசலிலிருந்து,
அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே
எனக்கு அதுவரை தெரியாது.