ஆங்கிலக் கால்வாய்

பதிவுக் கந்தோரில் என் கடவுச்சீட்டை
முன்னும் பின்னும் புரட்டிவிட்டு
இங்கிலீஷில் கேட்டார்.
தமிழில் சொன்னேன்.
திரும்பவும் இங்கிலீஷில் கேட்டார்.
சிங்கமும் கொம்புக் குதிரையும் காவல் நிற்கிற அட்டைக்குள்ளிருந்து
தமிழ் வருமென்று
அவருடைய படிவத்தில் கட்டமில்லை.

லெஸ்டரில் இருபத்தேழு வருடம்
இரட்டைத்தட்டு பஸ் ஓட்டினவள் நான்.
மிஷன் வீதியைக் கடக்க
ஒரு மாட்டின் மறைவில் நடக்கிறேன்.

எரிவாயு கேட்டுப் போனால் வங்கிப் புத்தகம் எங்கே என்றார்கள்.
வங்கியில், எரிவாயு ரசீது.
மூன்று மாதம் மின்னடுப்பில் சோறு.
மின்சாரம் போகிற நாளில்
பாணும் வாழைப்பழமும்.
(பாண் என்றால் கடைக்காரர் வெற்றிலையைக் காட்டுகிறார்.)

சின்னக்கடையில் முதல்நாள்
அறக்குளா இருக்கோ என்றேன்.
மீன்காரி நிமிர்ந்தாள்.
"அக்கா கேரளாவா?"
இல்லை என்றால் பிறகு எல்லாம் சொல்லவேண்டும்.
லெஸ்டர் என்றால் விலை ஏறும்.
யாழ்ப்பாணம் என்றால் விலை இறங்கும், அவளுக்குக் கண் கலங்கும்.
அரைக் கிலோ வஞ்சிரத்துக்கு
எதற்கு இவ்வளவு சரித்திரம்?
ஓம், கேரளா என்றேன்.
இப்போது ஓணத்துக்கு லீவா என்று விசாரிக்கிறாள்.

என் ஓய்வூதியம் கடல் தாண்டியதும் உறைந்துவிட்டது,
இனி ஒரு பென்ஸ்கூடக் கூடாது, அது அவர்கள் சட்டம்.
லெஸ்டரில் யன்னலோரம் தேங்காயெண்ணெய் உறையும்.
போத்தலை அக்குளில் வைத்துத்தான் தலைக்கு எடுப்பேன்.
இங்கே எண்ணெய் உறைவதில்லை.
காசு உறைகிறது.

குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே
ஒன்றரை முழத்தில் ஒரு சாக்கடை.
அந்தப் பக்கம் முசே சவரிராயன், சொல்தா.
பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருடம்,
ஜிபூத்தியில் ஒரு விரலை விட்டுவிட்டு வந்தவர்.
"மதாம், நீங்க இங்கிலீசு, நாங்க பிரான்சு,
இதான் நடுவுல ஆங்கிலக் கால்வாய்"
என்று சாக்கடையைக் காட்டுவார்.
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தொன்றில்
என் ஆட்கள் வந்து இந்த ஊரை இடித்தார்களாம்.
நஷ்டஈடு எப்போ என்று
மாதம் ஒருதரம் கேட்கிறார்.
கிண்ணத்தில் சொதி அனுப்புகிறேன்.
உப்புக் குறைவென்று கிண்ணம் திரும்பி வரும், காலியாக.

ஐப்பசியில் லண்டனிலிருந்து ஒரு கடிதம்,
ஓரம் நனைந்து.
நான் உயிரோடிருக்கிறேனா என்று கேட்டிருந்தார்கள்.
நானே சொன்னால் செல்லாதாம்.
சொந்தக்காரர் கூடாது. என்னைத் தெரிந்த ஒருவர்,
எவ்வளவு காலமாய்த் தெரியும் என்று எழுதி
ஒப்பமிடவேண்டும்.

பதினொரு மாதம் இந்த ஊரில்.
யாருக்கு என்னைத் தெரியும்?
கந்தோர்க்காரருக்கு என் எண் தெரியும்.
மீன்காரியிடம் போனால்
ஒரு மலையாளத்தாள் உயிரோடிருப்பதாகத்தான் சாட்சி சொல்வாள்.

சாக்கடையைத் தாண்டிப் போய் நீட்டினேன்.
முசே உள்ளே போனார்.
நெடுநேரம் கழித்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.
எழுத்துக் கூட்டிப் படித்தார்,
இங்கிலீஷை மூக்கால்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
பிணவறையில் அடையாளம் காட்டுகிறவரைப்போல
அவ்வளவு கவனமாக.

பேனாவைத் திறந்தார்.
"எவ்ளோ காலமாத் தெரியும்னு கேக்குறான்.
அறுபத்தொண்ணுலேர்ந்துன்னு போடட்டுமா?"

பதினொரு மாதம் என்றே போட்டார்.
ஒன்பது விரலால் ஒப்பமிட்டு
மை காய ஊதினார்.
"எனக்கும் தையில ஒண்ணு வரும், பாரீசுலேர்ந்து"
என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அன்றிரவு விட்டு விட்டு மழை.
இரண்டு மணிக்குக் கால்வாய் நிறைந்து
இரண்டு நாட்டுக்குள்ளும் ஏறியது.
மின்சாரம் இல்லை.
விளக்குமாற்றோடு நான் தண்ணீரை அவர் பக்கம் தள்ள,
இருட்டுக்குள்ளிருந்து
அவர் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.