பத்தில் ஏழு

பெயரில்லாத மஞ்சள் பெட்டி,
பத்து முனைக்கு இருபத்தெட்டு மார்க்.
ஸ்வீடன்காரனுடையது
ஒன்றே ஒன்று இருபத்திரண்டு.
கணக்கு எளிது என்று உங்களுக்குத் தோன்றினால்
நீங்கள் லேத் ஓட்டியதில்லை.

முதல் பெட்டி தப்பாக வந்தது.
ஈ.ஆர். கேட்டேன், ஐ.ஆர். அனுப்பியிருந்தான்.
தண்டின் மேல் மரை வெட்டுவது வேறு,
துளைக்குள் வெட்டுவது வேறு.
ஓர் எழுத்து மாறிப்போய்
பத்தும் அலமாரியிலிருந்து பல்லைக் காட்டுகின்றன.
திருப்பி அனுப்ப முப்பது மார்க் கேட்டார்கள் தபாலில்.
இருக்கட்டும், என்றாவது ஒரு பெரிய துளை வரும்.

சரியான பெட்டி வந்த அன்று
லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
ஒவ்வொன்றாக ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
மேலே தங்க மினுக்கம்.
மினுக்கமா வெட்டப்போகிறது?
மூன்றில் விளிம்பு உதிர்ந்திருந்தது
எலி கொறித்த ரொட்டி போல.
நகப்பூச்சு எடுத்து அந்த மூன்றுக்கும்
சிவப்புப் பொட்டு வைத்தேன்.
இருபத்தெட்டை ஏழால் வகுத்தால் நான்கு.
நான்கு மார்க்குக்கு ஜெனிட்சாவில் இரண்டு காப்பி.
அதுவரை லாபம்தான்.

உருக்காலைப் புகை தரையோடு படர்ந்த திங்களன்று
ஹய்ருதின் வந்து மேசையில் போட்டான்
பனி தள்ளும் வண்டியின் முறிந்த முளையை.
ஒரு முனையில் மரை,
மறுமுனையில் பூட்டுவளையத்துக்கு ஒரு காடி.
"அசெமினா, வியாழன் பனி" என்றான்.
விலை கேட்கவில்லை.
விலை கேட்காதவன் தரமாட்டான்.

என் லேத் யூகோஸ்லாவியாவில் செய்தது.
நாடு போய்விட்டது, லேத் இருக்கிறது,
குறுக்குத் திருகில் கால் சுற்றுத் தளர்வோடு.
கார்பைடு வேகம் கேட்கும்.
இதற்கு அவ்வளவு மூச்சு கிடையாது.
எனவே கூரான முனை, குறைந்த வெட்டு, நிறைய எண்ணெய்,
ஆழம் கூடக் கூட
அடுத்த வெட்டு மெலிந்துகொண்டே போக வேண்டும்.
கோபத்தில் இருக்கும்போது மரை வெட்டக்கூடாது.

மரை போய் நிற்க இடம் வேண்டுமே.
இரண்டு மில்லி காடி முனையால் மூன்று குத்து,
பக்கத்தில் பக்கத்தில்.
மலிவில் வாங்கியது அங்கே தன் காசை எடுத்தது.
ஆனால் பூட்டுவளையம் கேட்டது
ஒன்று புள்ளி மூன்று.
இரண்டை ஒன்று புள்ளி மூன்றாக்க
எந்தக் கடவுளாலும் முடியாது,
பெரிதாக்குவது மட்டுமே காடியின் தொழில்.
பழைய ஸ்டீல் துண்டு ஒன்றை எடுத்து
சாணைக்கல்லில் இரவு ஒரு மணி வரை தேய்த்தேன்.
அதற்கு ஒரு மார்க் கூட ஆகவில்லை.
மறுநாள் முதுகு ஆனது.

ஐந்தாவது வெட்டில் தொலைபேசி அடித்தது.
ஹய்ருதின்தான். "ஆயிற்றா?"
கை தானாக லேத்தை நிறுத்தியது,
முனையை வெளியே எடுக்காமல்.
டிக்.
உப்புக் கல் பல்லில் பட்ட சத்தம்.
ஸ்வீடன்காரனுடையதாக இருந்தாலும் போயிருக்கும்.
தப்பு சரக்குடையது இல்லை என்று
எழுதிவைக்க வேண்டும் எங்காவது.
முனையைத் திருப்பி அடுத்த மூலைக்கு மாற்றினேன்,
பழைய பள்ளத்தைக் கண்ணால் தேடிப் பிடித்தேன்,
மெல்ல, மெல்ல, உட்கார்ந்தது.

எல்லாப் புரிக்கும் போகும் என்று விற்ற முனை
உச்சியைத் தொடாது.
வெட்டி முடித்தால் மரையின் தலை கத்தியாக நிற்கும்.
என் கட்டைவிரலுக்கு இது தெரிந்தது முதலில்,
அப்புறம் எனக்கு.
அரம் போட்டு, துணியால் ரத்தம் துடைத்து,
நட்டை வைத்தேன்.
இரண்டு விரலால் சுற்ற ஏறிக்கொண்டே போனது.

வியாழன் பனி பெய்தது. வண்டி ஓடியது.
ஹய்ருதின் பாதிப் பணமும்
ஒரு ஜாடி மிளகாய்ச் சட்னியும் தந்தான்.
அன்றே ஆர்டர் போட்டேன்:
இரண்டு மில்லிப் புரிக்கென்றே செய்த முழு முனை, ஒன்று,
ஸ்வீடன், கடைசி இரண்டு வெட்டுக்கு மட்டும்.
மற்றதெல்லாம் மஞ்சள் பெட்டி.

பார்சல் நேற்று வந்தது.
மேலே ஒட்டிய டேப்பைக் கிழிக்கக்
கை போனது சிவப்புப் பொட்டுக்காரிகளில் ஒருத்தியிடம்.
நன்றாகவே வெட்டினாள்.