விளக்கக் கடிதத்தில் எழுதாதது

குறிப்பாணை வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று.
முக்காலி வரை தபால்,
அப்புறம் ஜீப்,
ஜீப் நின்றுவிடும் இடத்திலிருந்து
பயறு மூட்டையின் வாயில் செருகி
வெள்ளன் தலையில்,
இடுப்பளவு பவானியைத் தாண்டி.
மூன்று நாளில் பதில் வேண்டுமாம்.

பிப்ரவரி பதினேழு, காலை பதினொன்று இருபதுக்கு
கரடிப்பாறை ஊரின் ஓராசிரியர் பள்ளி
பூட்டியிருந்தது.
மாணவர் எவருமில்லை.
காரணம் கூறுக.

உண்மைதான் ஐயா.
வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்து
பதினொரு கிலோமீட்டர் ஏறி வந்த மனிதர்
எதற்குப் பொய் எழுதப் போகிறார்.
பூட்டுகூட கரடிக்காகப் போட்டதுதான்.
யானை பூட்டைப் பார்ப்பதில்லை.
போன வருஷம் சுவர் வழியாக வந்து
இரண்டு மூட்டை அரிசி தின்று
கரும்பலகையை விட்டுப் போனது.

மாசியில் ஊரே தெள்ளி எடுக்கக் காட்டுக்குள் போய்விடும்.
வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் புகைகிறதே, அந்தப் பிசின்.
அப்பன் போனால் ஆத்தாள் போவாள்,
ஆத்தாள் போனால் முதுகில் ஒன்று, கையில் ஒன்று.
முதல் வருஷம் நான் காலிப் பாய்களுக்கு
நாலு நாள் காவல் இருந்தேன்.
ஐந்தாம் நாள் சாக்கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு
புகை தெரிந்த திக்கில் நடந்தேன்.
அதிலிருந்து எல்லா மாசியிலும் அப்படித்தான்.

பாறையின் அடிவயிற்றில் பள்ளிக்கூடம்.
பன்னிரண்டு பேர், ஒரு நாய்.
அவர்கள் வீட்டில் பேசுவது ஒன்று,
புத்தகம் பேசுவது மலையாளம்,
எனக்கு வாயில் வருவது ஆனைகட்டித் தமிழ்.
மூன்றிலும் கல்லு கல்லுதான்.
அதனால் முதல் பாடம் கல்லு.
இரண்டாம் பாடத்துக்கு
இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோம்.

புத்தகத்தில் ரயில் நிலையப் படம் இருக்கிறது.
கக்கியின் மகள் அனுமோள்
பெட்டிகளை எண்ணிவிட்டு
இதில் எது முதலில் பயப்படும் என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்கு தெள்ளி போதும்.
கிலோ என்ன விலை, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு.
மசாணன் கரித்துண்டால் பாறையில் போட்டு
சங்கத்தின் பாஸ்புத்தகத்தில் அறுநூற்று நாற்பது ரூபாய்
குறைகிறது என்று கண்டுபிடித்தான்.
கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது.
அவன் அப்பன் அடுத்த வாரம் போய்க் கேட்டான்.
சிரித்து அனுப்பிவிட்டார்கள்.
மசாணன் மூன்று நாள் கணக்குப் பக்கம் வரவில்லை.
அவனுக்கு என்ன சொல்ல?
நான் குரங்குகளை எண்ணச் சொன்னேன்.

இதையெல்லாம் எழுதினால்
காப்புக்காட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோக
அனுமதி யார் தந்தார் என்று
இன்னொரு தாள் வரும்.
எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் மூடிவிடலாம் என்று
ஒரு பேச்சு இருக்கிறது.
எனக்கு ஏழு மாசச் சம்பளம் நிற்கிறது.

ஆகவே எழுதினேன்:
அன்று எனக்குக் கடும் காய்ச்சல்.
பள்ளிக்கு விடுமுறை விட நேர்ந்தது. மன்னிக்கவும்.
இப்படிக்கு, தெய்வானை.

கடிதம் அப்படிச் சொன்னால்
பதிவேடும் அப்படியே சொல்லவேண்டும்.
காட்டில் வருகையைப் பென்சிலில் போடுவது என் வழக்கம்,
பேனா அங்கே ஒழுகும்.
பதினேழாம் கட்டத்தில் பன்னிரண்டு கோடுகள்.
ரப்பரை எடுத்தேன்.

நஞ்சி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.
தன் பெயரை அவளுக்கு வாசிக்கத் தெரியும்,
போன மாதத்திலிருந்து.
விரலைத் தன் பெயரில் வைத்து
வரிசை பிசகாமல் இழுத்துக்கொண்டு வந்தாள்,
பதினாலு, பதினைஞ்சு, பதினாறு.

டீச்சர், அன்னைக்கு
நான் வந்திருந்தேனே என்றாள்.