ஆட்டம்

காற்றின் மேல்தான் பழியைப் போட்டிருந்தோம்.
நெப்ராஸ்காவின் இந்த மேற்கு மூலையில்
காற்று எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.
கொட்டகைத் தகரம் பறந்தால் காற்று.
பிறந்த கன்று விறைத்துக் கிடந்தால் காற்று.
என் பிக்கப் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்
எதிரே வந்த பீட்ரூட் லாரியை
ஹாரன் அடிக்க வைத்ததும் காற்றுதான்.

எழுபத்தொன்பதாம் வருடத்துச் செவ்ரோலே.
பச்சை நிறம் என்கிறது பதிவுச்சீட்டு.
ஸ்டியரிங்கை மூன்று விரற்கடை திருப்பியபின்
கவுண்டி ஆபீஸில் கொடுத்த மனுபோல
மெதுவாகச் சக்கரத்துக்குச் சேதி போகும்.
அதற்குள் சாலை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.
பதினோரு வருடம் அப்படியே ஓட்டினேன்,
இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம்,
மாவு சலிப்பவள் மாதிரி.

அக்டோபரில் ரோசால்வா சொன்னாள்:
"லெனோர், இனி இதில் என் பையனை ஏற்றமாட்டேன்."
என் முற்றத்து டிரெய்லர் வீட்டில் குடியிருப்பவள்,
சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட்.
பனி நாட்களில் இஸ்மாயேலைப் பள்ளியில் விடுவது நான்.
வாடகை நாளும் அதுவுமாகச் சொல்கிறாளே என்று
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்பேனரை எடுத்தேன்.
கியர் பெட்டியின் தலையில் ஒரு திருகு உண்டு.
எல்லோரும் முதலில் அதைத்தான் முறுக்குவார்கள்.
அரைச் சுற்று. போதவில்லை. இன்னொரு அரை.
ஆட்டம் அப்படியே இருந்தது,
வளைவில் திரும்பிய ஸ்டியரிங் மட்டும்
நேருக்கு வர மறுத்து
கோபித்துக்கொண்ட கழுத்தாய் நின்றது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும்.
மேலே ஒருத்தி ஆட்ட,
கீழே ஒருத்தி பார்க்க.
வெட்கத்தை விட்டு அவள் கதவைத் தட்டினேன்.
வேலை முடிந்து வந்த உடுப்போடு,
வேகவைத்த கிழங்கு வாடையோடு
ஏறி உட்கார்ந்தாள்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து
தீவனச் சாக்கை விரித்து மல்லாந்தேன்.
எஞ்சின் தலைக்குமேல் உறுமியது.
"இடது. வலது. நிறுத்தாதே."
தண்டு திரும்பியது, சரி.
ரப்பர் வட்டு திரும்பியது, பிசகில்லை.
டை ராடின் முனைகள் கிண்ணென்றிருந்தன.
பெட்டி மட்டும்
யாரோ ரகசியம் சொல்வதுபோல்
ஒருபுறம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

போல்ட்டுகள் நான்கும் இறுக்கம்.
போல்ட்டுகள் பிடித்திருந்த சேசிஸ்தான்
பிளந்திருந்தது.
இடதுக்குத் திறந்தது,
வலதுக்கு மூடியது,
ஓரமெல்லாம் துருப்பொடி,
வெற்றிலை போட்ட வாய்போல.

"போதுமா?" என்றாள் மேலிருந்து.
நான் பதில் சொல்லவில்லை.
பிப்ரவரியில் கால்வாய்ப் பாலம்,
கண்ணாடிபோல் பனி,
பக்கத்து இருக்கையில் அந்தப் பையன்
டிஃபன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
டைனோசர்களின் எடையைச் சொல்லிக்கொண்டு வந்தான்.
அன்றும் இது
திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கும்.

"லெனோர்? போதுமா?"
அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள்,
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெல்டர் கெஸ்லர் உள்ளங்கைக் கனத்தில்
ஒரு தகடு வைத்துப் பற்றவைத்தான்.
நூற்றி நாற்பது டாலர்,
அதோடு, "இத்தனை நாள் எதை நம்பி ஓட்டினாய்?"
என்ற கேள்வி, அது இலவசம்.
நான் முறுக்கிய திருகைத் தளர்த்தி
பழைய இடத்துக்கே கொண்டுவந்தான்.

ரோசால்வா பக்கத்தில் உட்கார
தானியக் கிடங்குவரை ஓட்டிப் பார்த்தேன்.
கை நினைத்தவுடனே வண்டி கேட்டது.
அதுதான் சங்கடம்.
ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராதாம்;
திருத்திப் பழகிய கையும் இருக்கவில்லை.
இல்லாத கோணலை நான் நிமிர்த்த நிமிர்த்த
நேர்ச்சாலையில் பாம்பாய் நெளிந்தோம்,
முன்பைவிட மோசமாக.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.
"இன்னும் என்ன?"

"காற்று," என்றேன்.

கிடங்கின் கம்பத்தில்
கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.