இரண்டு நாற்பது

விட்டம் மூன்று புள்ளி ஒன்பது எட்டு இரண்டு.
கூடவோ குறையவோ நான்கு மைக்ரான்வரை மன்னிப்பு உண்டு.
அதற்கு மேல் சிவப்புத் தொட்டி.

நவம்பரில் ஓர் இரவு
ஏழாம் எண் லேத் பெருக்கத் தொடங்கியது.
ஒன்று, இரண்டு, நான்கு,
ஆறு.
இருபது நிமிடம் அப்படியே நின்றுவிட்டு
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் இறங்கிக்கொண்டது.
மறு இரவும். அதற்கு மறு இரவும்.
இரண்டு நாற்பதுக்கு, சொல்லிவைத்தாற்போல.

வெட்டுமுனை தேய்ந்திருக்கும் ஒதில், என்றான்
பகல் ஷிஃப்ட் ஆன்செல்ம்.
மாற்றினேன்.
காலெட்டைக் கழற்றித் துடைத்தேன்.
எண்ணெயின் சூட்டை அளந்தேன்.
எஃகுக் கம்பிக் கட்டோடு வரும் சான்றிதழைக்கூட
முதன்முறையாக முழுக்கப் படித்தேன்.

இரும்பு பொய் சொல்லாது என்பார்கள்.
சொல்லும்.
ஆனால் தினமும் ஒரே நேரத்துக்குச் சொல்லாது.
நேரம் பார்ப்பது மனிதர் வேலை.

அதனால் அடுத்த இரவு
லேத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

சரக்குக் கதவு.
சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம்;
இடுக்கில் ஒரு துடைப்பக் கட்டை.
வெளியே மைனஸ் ஒன்பது.
ஆர்வ் ஆற்றிலிருந்து ஏறிய குளிர்
தரையோடு தரையாக ஊர்ந்து
நேரே ஏழாம் எண்ணின் காலடியில் படுத்தது.
வாசலில் ஃபலகிகோ,
ஒப்பந்தத்தில் தரை துடைக்க வருபவன்,
போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி.
இந்தத் தகரக் கூரைக்குள் சிக்னல் நுழையாது.
அங்கே மட்டும் இரண்டு கோடு.

திரையில் வெயில்.
நூமேயாவில் பகல் பன்னிரண்டு நாற்பது,
பள்ளியில் சாப்பாட்டு நேரம்.
ஒரு சிறுமி ரொட்டியை மென்றுகொண்டே
பல் விழுந்த இடத்தைக் காட்டினாள்.
லோசலியா, லோசலியா, என்று அவன் சிரித்தது
ஆவியாகி வெளியே போனது.

நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

புகார்ப் படிவம் இருக்கிறது, நீல நிறம்.
கதவைச் சாத்தச் சொல்லியிருக்கலாம், அன்பாகவே.
நிரலில் மூன்று வரி சேர்த்தேன்:
மணி இரண்டு நாற்பதானால்
விட்டத்தில் ஆறு மைக்ரான் படிப்படியாகக் குறையட்டும்,
மூன்று தாண்டியதும் பழையபடி ஆகட்டும்.
மனிதர் படிக்க மட்டும் எழுதும் குறிப்புக்கு
நிரலில் அடைப்புக்குறி உண்டு.
அதற்குள் 'குளிர்' என்று போட்டேன்.

வரைபடம் குளத்து நீர்போல் கிடந்தது.
ஆன்செல்ம் புது வெட்டுமுனையைப் பாராட்டினான்.

டிசம்பர் பதினேழு, இரண்டு ஐம்பது.
ஆறு மைக்ரான் சிறுத்தது.
எழுந்து பார்ப்பதற்குள் பன்னிரண்டு ஊசிகள்
ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்பில் விழுந்தன.
கதவு சாத்தியிருந்தது.

அவசரப் பொத்தானை அடித்துவிட்டு ஓடினேன்.
எதற்கு ஓடினேன் என்று கேட்காதீர்கள்,
ஒரு வார்த்தை பேசியிராதவனைத் தேடி.
மூன்றாம் எண்ணின் கீழ்
எண்ணெய்க் குட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மகள் எங்கே?

துடைப்பான் நின்றது.
விடுமுறை மதாம். தீவுக்குப் போய்விட்டாள், அத்தை வீட்டுக்கு.
அங்கே சிக்னல் மாமரத்தின் மேல்தான்.
பிப்ரவரியில் பள்ளி.
பிறகு, மெதுவாக:
உங்களுக்கு எப்படித் தெரியும்?

கழிவு ஊசி ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான்.
நன்றாகத்தானே இருக்கிறது, என்றான்.
நன்றாகத்தான் இருக்கிறது, என்றேன்.
பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று வரியையும் அழிக்கவில்லை.
ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு:
இயந்திரம் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும்,
பிப்ரவரிவரை.

கழிவுப் பதிவேட்டில் எண்ணிக்கை பதினொன்று என்று எழுதினேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்து
'போதிய குளிர் இல்லை' என்று எழுதினேன்.
வெளியே மைனஸ் பதினான்கு.
ஆன்செல்ம் அதை இரண்டு முறை படித்தான்.
கையெழுத்துப் போட்டான்.