நவம்பர் 31

வெளியே பத்தாயிரம் என்றால்
உள்ளே ஒன்று.
ஒரு செல் தாங்கும் கால்சியம் அவ்வளவுதான்.
மிச்சத்தை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்,
ஐப்பசி மழையில் ரெயின்போ நகர் முனையில்
நகராட்சி இறக்கிய டீசல் மோட்டார் மாதிரி.

இந்த உதாரணம் என்னுடையதில்லை.
லெயோனி அக்கா சொன்னது.
அவர் வீட்டுக் கூடத்தில் வருடம் தவறாமல்
கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.
“மோட்டார் நின்னா கட்டில் மிதக்கும்.
செல்லும் அப்படித்தானே?”
அப்படித்தான் அக்கா.

காலாப்பட்டில், சவுக்குகளைத் தாண்டி
கடல் கேட்கிற கட்டடத்தில்
இரண்டாம் மாடி, இருட்டறை.
நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருப்பேன்.
அவர் மருந்து சொட்டுவார்.
பன்னிரண்டு நொடி எதுவும் இருக்காது.
பிறகு ஓரத்தில் ஒரு செல் பச்சையாய் எரியும்,
பக்கத்தது, அதற்கும் பக்கத்தது,
கரண்ட் திரும்பிய தெருவில் வீடு வீடாக வெளிச்சம்.
பம்பு இறைக்க இறைக்க
மெல்ல அணையும்.

இவை ஒரு கன்னியாஸ்திரியின் செல்கள்.
எங்கோ தூர தேசத்தில், நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர்.
பிள்ளை பெறாதவர், பால் கொடுக்காதவர்.
பம்பு மட்டும் இருக்கிறது.
பாலுக்குள் சுண்ணாம்புச் சத்தை இறைக்கவென்று
மார்பில் அமைந்த பம்பு
குடிக்க ஒரு வாயும் இல்லாத கண்ணாடித் தட்டில்
ஓடிக்கொண்டிருக்கிறது.
அது ஓடுவதால்தான்
சாக வேண்டிய செல் சாக மறுக்கிறது.
இதை இருநூறு பக்கம் எழுதினால் எனக்குப் பட்டம்.
அக்கா கேட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.
பிறகு பிப்பெட் முனையை மாற்றினார்.

அவருக்கு இடது பக்கம் எடுத்து ஏழு வருடம்.
ரவிக்கைக்குள் தானே தைத்துவைத்த பஞ்சு
ஒருபோதும் அதைப் பேச்சில் கொண்டுவந்ததில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவருக்குத் தாகம்.
ஒரு மணி நேரத்தில் இரண்டு பாட்டில்.
“ஒரே புழுக்கம்” என்பார்,
ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்.
மாடிப்படியில் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
ஒருநாள் உறைய வைக்கும் குப்பியில் தேதி எழுதினார்:
நவம்பர் 31.
நான் சிரித்தேன்.
அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

தாகம், எலும்பு வலி, குழப்பம்.
என் முதல் அத்தியாயத்தில் பதினான்காம் பக்கம்.
நானே தட்டச்சு செய்தது,
இதே வரிசையில்,
மேற்கோள் எண்ணோடு.

கோரிமேட்டில் ரத்தம் எடுத்தார்கள்.
பதினான்கு புள்ளி இரண்டு.
ஒரு செல்லுக்குள் துளியின் துளியை அளக்கத் தெரிந்த எனக்கு
அந்த எண்ணைப் படித்துச் சொல்ல
இரவுப் பணி டாக்டர் வர வேண்டியிருந்தது.
இடுப்பிலிருந்தும் முதுகிலிருந்தும்
சுண்ணாம்பு உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறதாம்,
உப்புக்காற்றில் குருசுக்குப்பத்துச் சுவர்கள் போல
என்று அவர் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் உப்புநீர் ஏற்றினார்கள்.
இரண்டாம் நாள் கண் திறந்து கேட்டார்:
“மோட்டார் ஓடுதா?”
வீட்டைக் கேட்டாரா, வேறெதையுமா,
எனக்குத் தெரியவில்லை.
ஓடுது அக்கா என்றேன்.

நைட்ரஜன் தொட்டியில் நாலாம் அடுக்கில்
பத்து லட்சம் செல்கள்
இல்லாத ஒரு தேதியில் உறைந்திருக்கின்றன.
பட்டியலைத் திருத்தச் சொல்லி இரண்டு மெயில் வந்தது.
திருத்தவில்லை.

இப்போது மாதம் ஒரு ஊசி.
போன வாரம் ஏதோ படிவத்தில் கையெழுத்திட வந்தவரிடம்
கையுறை போட்டுக் குப்பியை எடுத்துக் காட்டினேன்.
புகை விலகும்வரை பொறுத்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
“எழுத்து நல்லாத்தான் இருக்கு.”
தண்ணீர் கேட்பாரோ என்று
நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கேட்கவில்லை.